சரியாகப் பெயர் தெரிந்தவரின் மரணம்

காட்டுக் காளானைத் தின்று ஒருவர் இறந்தார் என்றால், 'வேற எதையோ மாத்திப் பறிச்சிருப்பாரு' என்றுதான் நினைப்போம். யூலியுஸ் ஷேஃபர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. அவர் ஜெர்மானியக் காளான் ஆய்வாளர். ருசுலா என்ற பேரினத்தில் பெரிய நிபுணர். 1944 அக்டோபரில் மனைவியோடு ஒரு வேளை காளான் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மறுநாள் மருத்துவமனை. சிறுநீரகம் செயலிழந்து 17 நாட்களில் இறந்துபோனார்.

அவர் சாப்பிட்ட காளானின் பெயர் பாக்ஸிலஸ் இன்வொலூட்டஸ். பழுப்புத் தொப்பி. அதன் விளிம்பு பாயைச் சுருட்டியதுபோல உள்ளே மடிந்திருக்கும். தொப்பிக்கு அடியிலுள்ள மெல்லிய மடிப்புகள் காம்பு வரை இறங்கும், அழுத்தினால் பழுப்பேறும். 1786இல் பாட்ஷ் என்ற ஆய்வாளர் அந்தச் சுருண்ட விளிம்பை வைத்தே பெயர் சூட்டினார். லத்தீனில் இன்வொலூட்டஸ் என்றால் உள்ளே சுருண்டது.

பச்சையாகத் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் நன்றாக வேகவைத்து, மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தார்கள். இத்தனை பேர் சாப்பிட்டு நன்றாக இருக்கிறார்கள், இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

அந்த ஆதாரத்தில்தான் ஓட்டை இருந்தது. 1980களில் ரெனே ஃப்ளாமர் என்ற ஸ்விஸ் மருத்துவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். இந்தக் காளானில் உள்ள ஏதோவொரு பொருளை எதிரியாக நினைத்து நம் உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. திரும்பத் திரும்பச் சாப்பிடச் சாப்பிட அது சேரலாம். ஒருநாள் இரண்டும் பிணைந்து ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ள, அணுக்கள் உடைகின்றன. அந்தச் சிதைவு சிறுநீரகத்தையும் முடக்கிவிடுகிறது. வேகவைத்தாலும் இந்த ஆபத்து போவதில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய பயம். நூறு தடவை ஒழுங்காக ஓடிய புரோகிராம் உள்ளுக்குள் மெமரியைக் கசியவிட்டபடியே ஓடியிருக்கும். நூற்றியோராவது தடவை படுத்துவிடும். 'இருபது வருஷமா சாப்பிடுறேன், ஒண்ணும் ஆகல' என்று சொல்பவர்தான் இந்தக் காளான் விஷயத்தில் அதிக ஆபத்தில் இருக்கிறவர். பாட்டி சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் பொய்யில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை, அதுவரை.

இன்றைய கையேடுகளிலும் அதே பழுப்புத் தொப்பி, அதே சுருண்ட விளிம்பு. ஷேஃபர் பார்த்திருந்தால் உடனே தலையாட்டியிருப்பார். கீழே இருக்கும் ஒரு வரி மட்டும்தான் அவருக்குப் புதிது: கொடிய விஷம்.