கன்னியாச் சுடுநீரும் பாரிசவாதமும்: ஒரு சிறு வரலாறு



எங்கள் ஊர்களில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால், பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் மூன்று ஆலோசனைகள் சொல்வார்கள். எண்ணெய் பூசுங்கள், ஒத்தணம் பிடியுங்கள், கன்னியாவுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டுங்கள். இந்தப் பழக்கங்கள் எங்கிருந்து வந்தன, எதில் பயன், எதில் ஆபத்து என்று பார்ப்போம்.

சுமார் 1025இல் இப்னு சீனா எழுதி முடித்த 'அல்-கானூன்' ஐந்து பாகங்கள் கொண்டது. தலை முதல் கால் வரையான நோய்களைச் சொல்லும் மூன்றாம் பாகத்தில் இந்த நோய் 'பாலிஜ்' என்ற பெயரில் வருகிறது. யூனானி வைத்தியம் இதைக் குளிர்ச்சியால் வரும் நோயாகக் கருதியது. குளிருக்கு மாற்று சூடு. ஆகவே எண்ணெய், ஒத்தணம், வெந்நீர்.

1658இல் சுவிட்சர்லாந்து வைத்தியர் வெப்பர், இந்த நோயால் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருந்ததை எழுதினார். சோர்வது கையும் காலும்தான், பழுது மூளையில். கையில் வைக்கும் சூடு அந்தப் பழுதைச் சென்றடையாது.

அப்படியானால் சூடு வீணா? இல்லை. இறுகிய தசையை இளக்கும், நோவைக் குறைக்கும், அதன்பின் கை காலை அசைப்பது லேசாகும். ஆனால் எங்கள் கன்னியாவின் ஏழு கிணறுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1859இல் வெளியான தனது நூலில் எமர்சன் டெனன்ட், அந்த நீரின் சூடு காலத்துக்குக் காலம் 85 முதல் 115 பாகை பரனைற் வரை மாறும் என்று எழுதினார். அதாவது 29 முதல் 46 பாகை செல்சியஸ். உணர்ச்சி குறைந்த பக்கத்துக்குச் சூடு தெரியாது, தோல் வெந்த பிறகுதான் வீட்டார் காண்பார்கள். நீரையும் ஒத்தணத்தையும் முதலில் உங்கள் முழங்கையில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது அசைத்துவிடுதல். 1940களில் லண்டனில், பாரிசவாதம் வந்த ஓவியர் சைமன் எல்விஸுக்குச் சிகிச்சை அளித்தார் பேர்ட்டா போபாத். சோர்ந்த பக்கத்தைக் கைவிடாமல் அதையே பழக்க வேண்டும் என்ற அவருடைய முறை பின்னர் உலகெங்கும் பரவியது. பிறர் அசைத்துவிடுவதால் மூட்டுகள் இறுகாமல் இருக்கும். ஆனால் மூளை மறுபடி பழகுவதற்கு நோயாளி தானே முயல வேண்டும். கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது தோள்மூட்டைக் கெடுத்துவிடும், அதைச் செய்யவே வேண்டாம்.

அவசரமும் கூடாது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளைப் பார்த்தது. முதல் 24 மணித்தியாலத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்கள், வழமையான பராமரிப்புப் பெற்றவர்களை விடக் குறைவாகவே தேறினார்கள். எப்போது, எவ்வளவு என்பதை இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

முக்கியமானது இது. முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய்ப் போத்தலைத் தேட வேண்டாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து தகுதியானவர்களுக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். கன்னியா எங்கும் போய்விடாது, அந்த நேரம் போய்விடும்.

நோயாளிகள் எல்லோருக்கும் அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக.