சேசிஸ் என்றொரு பிரெஞ்சுச் சொல்

சேசிஸ் என்பது பிரெஞ்சுச் சொல். அந்த மொழியில் ‘ஷாஸி’ என்று உச்சரிப்பார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அது முதலில் ஜன்னல் சட்டம்; பிறகுதான் காரின் அடிச்சட்டம். மோனோகாக் என்பதில் உள்ள ‘கோக்’ என்பதும் பிரெஞ்சுதான். முட்டை ஓடு என்று அதற்கு ஒரு பொருள் உண்டு. பழைய காருக்கு உதிரிபாகம் தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: என் வண்டி சட்டமா, ஓடா?

நம் தலைமுறை பார்த்த மூன்று கார்களில் அம்பாசிடரும் பியட் 1100ம் ஓடு வகை. உடலே எலும்புக்கூடும் ஆகும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு சட்ட வகை. இங்கிலாந்தில் 1959ல் அது வெளிவந்தபோது மற்ற கம்பெனிகள் பலவும் ஓடு வகைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஆனால் அந்தக் கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்த தொழிற்சாலையை 1953லேயே போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. வேறு வழியின்றித் தனிச் சட்டம் செய்து, அதன் மேல் உடலைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பொருத்தினார்கள். வெளிநாடுகளுக்குப் பாகங்களாக அனுப்பிக் கோர்ப்பதற்கும் அது வசதியாக இருந்தது. சென்னையில் 1961ல் 948 சிசி எஞ்சினோடு ஹெரால்டு வந்தது.

எங்கள் அவனியாபுரத்துக்காரர்களுக்கு விமான ஓடுபாதை தெரியும், பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுபாதை ஒன்றில்தான் அந்நாளில் கார் பந்தயம் நடந்தது. 1953ல் தொடங்கிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. பந்தயத்துக்கென்று இங்கே யாரும் கார் செய்து விற்கவில்லை. சாலையில் ஓடும் பியட்டையும் ஹெரால்டையும்தான் மாற்றி அமைத்தார்கள். பாகமும் பழைய வண்டிகளிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஹெரால்டுக்கு உடன்பிறப்புகள் உண்டு. 1962ல் வந்த வைட்டெஸ் பார்வைக்கு ஏறக்குறைய ஹெரால்டு. ஆனால் ஆறு சிலிண்டர் எஞ்சின், அதைத் தாங்க வலுப்படுத்திய சட்டம். அதே ஆண்டு வந்த ஸ்பிட்பயர் என்ற விளையாட்டுக் காருக்கு ஹெரால்டின் இயந்திர பாகங்கள் பல பொருந்தும்; சட்டம் பொருந்தாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஹெரால்டில் 91.5 அங்குலம், ஸ்பிட்பயரில் 83.

நம் நாட்டிலேயே இன்னொன்று: 1972ல் வந்த கெஸல். எஞ்சின் அதே 948 சிசி. ஆனால் ஹெரால்டின் பின் சக்கரங்கள் தனித்தனியே அசையும். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உள்பக்கம் மடங்கும் என்பது அதன் பழைய குறை. கெஸலில் ஒரே முழு அச்சு வைத்தார்கள். ஒன்றின் பின்பகுதியை மற்றதில் ஏற்ற நினைப்பவர், ஸ்பிரிங் சட்டத்தில் எங்கே உட்காருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பெயரை நம்பாமல் டேப்பை நம்ப வேண்டும். சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக அளந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் அது அடிபட்ட சட்டம். எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். புதுப் பெயின்டுக்கு அடியில் துருவும் வெல்டிங்கும் இருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்க வேண்டும். ஓடு வகையில் இது இன்னும் முக்கியம்: வெட்டி ஒட்டிய ஓடு மோதலில் எப்படி மடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

குமாஸ்தாவாக இருந்தவன் காகிதத்தை மறப்பேனா? சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தில் உள்ளது. சட்டத்தையே மாற்றினால் வண்டியின் அடையாளமே மாறுகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. விற்பவரிடம் அந்தப் பழைய வண்டியின் காகிதத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் திருட்டு வண்டியாகவும் இருக்கலாம்.

ஹெரால்டு செய்த தொழிற்சாலை மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. புதுச் சட்டம் இனி அங்கிருந்து வராது. தாத்தாவின் காரை மறுபடி ஓட்ட ஆசைப்படும் பேரன்களுக்குப் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளே கதி. போகும்போது பணத்தோடு ஒரு டேப்பும் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.