உயிர் காக்கக் கூடிய குற்றம்

இங்கிலாந்தின் தென்பாகத்தில், டோர்செற் மாவட்டத்தில், டொல்படில் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பிறர் நிலத்தில் ஏர்பிடித்து வாழ்ந்தவர் ஜோர்ஜ் லவ்லெஸ். உழைத்த நேரம் போக எஞ்சிய வேளையிலே தாமாகவே நூல்களைக் கற்றார். மெதடிஸ்த சபையிற் போதகஞ் செய்தார்.

1830ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அவ்வூர்த் தொழிலாளரின் வாரக்கூலி ஒன்பது சிலிங்கிலிருந்து எட்டாகவும், பின்னர் ஏழாகவும் குறைந்தது. இனி ஆறுதான் என்றனர் நிலக்காரர். அத்தொகையைக் கொண்டு மனைவி மக்களுக்கு அப்பம் வாங்குவதும் அரிது. ஆகவே 1833இல் லவ்லெஸ் முன்னின்று தொழிலாளர் சங்கமொன்றை அமைத்தார். சேர்ந்தோர் கண்களைக் கட்டி, இரகசியங் காப்பதாகச் சத்தியஞ் செய்தனர்.

சங்கம் அமைப்பது அக்காலத்திற் குற்றமன்று. 1824இலேயே அந்தத் தடை நீங்கிவிட்டது. எனினும் ஆளுவோர் வேறு வழி கண்டனர். கடற்படைக் கலகத்தின்பின் 1797இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, சட்டவிரோதமான சத்தியஞ் செய்விப்பதைத் தண்டித்தது. மாலுமிகளை அடக்கப் பிறந்த சட்டம் உழவர்மேற் பாய்ந்தது.

1834 பெப்ரவரி 24ஆம் நாள் லவ்லெஸ் உட்பட அறுவர் கைதாயினர். யாருடைய உடலுக்கும் உடைமைக்கும் தாம் தீங்கிழைக்கவில்லை என்றும், பசியினின்று குடும்பங்களைக் காக்கவே கூடினர் என்றும் லவ்லெஸ் மன்றுக்கு எழுதிக்கொடுத்தார். அது பயன்படவில்லை. ஏழாண்டு நாடுகடத்தல் என்பதே தீர்ப்பு. ஐவர் நியூ சவுத் வேல்சுக்குச் சென்றனர். நோயுற்றுப் பின்தங்கிய லவ்லெஸ், இன்று தஸ்மேனியா எனப்படும் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே விலங்கிட்ட கைதிகளுடன் வீதி வேலை. அதன்பின் அரசாங்கப் பண்ணையில் ஊழியம். ஊரிலே அவர்தம் மனைவிமாருக்கு ஏழைகளுக்குரிய உதவிப்பணமும் மறுக்கப்பட்டது.

ஆனால் இலண்டன் மாநகரம் வாளாவிருக்கவில்லை. ஏப்ரல் 21ஆம் நாள் பல்லாயிரம் தொழிலாளர் ஊர்வலமாகச் சென்று மனுக்கொடுத்தனர். கிளர்ச்சி தணியாதிருக்கவே, 1836 மார்ச்சில் அரசாங்கம் முழு மன்னிப்பு வழங்கிற்று. தீவுக்கு வருமாறு மனைவிக்கு முன்னரே எழுதியிருந்த லவ்லெஸ், அவர் புறப்பட்டுவிட்டாரோ என்பதை அறியாமற் கப்பலேற மறுத்தார். 1837இலேயே தாயகம் மீண்டார்.

மீண்டதும் தமது அனுபவங்களை நூலாக வெளியிட்டார். சில காலம் எசெக்ஸிற் கமஞ்செய்து, பின்னர் கனடாவிற் குடியேறி, 1874இல் அங்கேயே காலமானார். கூலியில் ஒரு சிலிங் குறைவதைத் தடுக்கக் கூடியவர்களைக் கடல்கடத்திய அரசாங்கம், அவர்களின் ஊர்ப்பெயரை உலகத் தொழிலாளர் அனைவரும் அறியுமாறு செய்துவிட்டது.