தண்டவாளத்தின் அடியில் ஒரு பொறி

மதுரைக் கோட்டை மதிலில் அமைந்திருந்த போர்ப் பொறிகளைச் சிலப்பதிகாரம் அடைக்கலக் காதையில் அடுக்கிக் கூறுகின்றது. அவை பகைவனுக்கு அச்சமூட்டி ஊரைக் காத்து நின்றவை. 1942-இல் பேராக் மாநிலத்தின் தென்கோடியில் வேறு வகைப் பொறிகள் வேலை செய்தன. கண்ணுக்குத் தென்படாமையே அவற்றின் வலிமை.

1941 டிசம்பர் இறுதியில் ஈப்போ ஜப்பானியர் வசமாயிற்று. 1942 ஜனவரி 7-இல் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படை பெருந்தோல்வியுற்றது. வெற்றி பெற்ற படைக்கு வேண்டிய தளவாடங்கள் இருப்புப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் தெற்கு நோக்கிச் சென்றன. அவ்வழியை அறுக்கப் பகைவரின் பின்புறத்தில் தங்கியவர் பிரெடி ஸ்பென்சர் சாப்மன். சிங்கப்பூரில் 1941-இல் தொடங்கப்பெற்ற 101-ஆம் சிறப்புப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்தவர் அவர். சார்ட்டின், ஹார்வி என்னும் இருவரே அவருக்குத் துணை.

தஞ்சோங் மாலிம் சுற்றுப்புறத்தில் இம்மூவரும் ஏறத்தாழ இரண்டு வாரம் இரவுதோறும் உழைத்தனர். வண்டியின் பாரம் அழுத்தியதும் வெடிக்கும் விசைகள் தண்டவாளத்தின் அடியில் ஒளித்து வைக்கப்பட்டன. வேதிக் கரைசல் ஒரு மெல்லிய கம்பியை மெல்ல அரிக்க, குறித்த நேரம் கழித்து வெடிக்கச் செய்யும் பென்சில் போன்ற கருவியும் அக்காலத்து நாசவேலையில் வழங்கியது. சாலையோரத்திற்கோ மூங்கில் துண்டே போதுமாயிருந்தது. வெடிமருந்து அடைத்த மூங்கிலை இந்நாட்டில் எவர் ஐயுறுவர்? ஏழெட்டுப் புகைவண்டிகள் கவிழ்ந்தன, பதினைந்து பாலங்கள் சேதமுற்றன, நாற்பது மோட்டார் வண்டிகள் அழிந்தன அல்லது பழுதுற்றன என்பது, 1949-இல் வெளிவந்த தம் நூலில் சாப்மன் தரும் கணக்கு.

அவர் எழுதியவற்றுள் தமிழர் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி மற்றொன்று. அம்மூவரும் உடலில் கருநிறம் பூசி, வேட்டியுடுத்தி, தலையில் துணி கட்டி, இந்தியத் தொழிலாளர் வேடத்தில் நடமாடினர். வேடம் பலித்ததில் வியப்பில்லை. இருப்புப்பாதையைச் செப்பனிட்டவருள் பெரும்பாலோர் தமிழர். விடியுமுன்னே ரப்பர் மரம் வெட்டப் புறப்பட்டவரும் தமிழர். மங்கிய ஒளியில் முண்டாசு கட்டிய ஓர் உருவம் தண்டவாளத்தருகே சென்றால், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஆகவே, அந்நாளில் கையாளப்பட்ட மறைவுக் கருவிகளுள் தலைசிறந்தது மூங்கிலுமன்று, விசையுமன்று. தோட்டத் தமிழனின் தோற்றமே. அதனை இரவல் வாங்கியவர்கள் காட்டிற்குள் மறையலாம். அத்தோற்றத்தோடு பிறந்தவனோ விடிந்ததும் பிரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வேடம் வெளிப்பட்டிருந்தால் ஐயம் முதலில் எவர்மீது பாயும் என்பது சொல்லாமலே விளங்கும். அவனை ஒருவரும் கேட்கவில்லை. அவனும் இசைவு தரவில்லை.

சாப்மனின் துணிவை இது குறைப்பதன்று. பகைவர் நடுவே மலாயாக் காடுகளில் மூன்றாண்டுக்குமேல் தாக்குப்பிடித்தவர் அவர். ஆயினும் வரலாறு ஒரு பக்கத்து ஏட்டை மட்டும் காத்து வைத்திருக்கின்றது. செலவான வெடிமருந்தின் எடைக்குக்கூடக் கணக்கு உண்டு. தோற்றத்தை இரவல் கொடுத்தவர்க்கு ஒரு வரியும் இல்லை. அடுத்த ஆண்டே, 1943-இல், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தமிழர் வேடத்தில் வந்தவர் தண்டவாளத்தைத் தகர்த்தனர். தமிழரோ தண்டவாளம் இட்டு மாண்டனர்.

போர்க்காலப் பாடத்தை நடத்தும் ஆசிரியர், வெடித்த பொறிகளைச் சொல்லும்பொழுது, அவற்றை மறைத்த வேட்டி எவருடையது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.