உடற்பருமனும் புற்றுநோயும்

மிகையான உடற்பருமன் இதயத்துக்குக் கேடு என்பதை நாம் அறிவோம். அது புற்றுநோய்க்கும் வழி வகுக்கும் என்பது மெல்ல மெல்லவே தெளிவாயிற்று.

1909-இல் ஜெர்மனியில் மொரெஸ்கி என்பவர், குறைந்த உணவு பெற்ற சுண்டெலிகளில் ஒட்டிவைத்த புற்றுக்கட்டிகள் மெதுவாக வளர்வதைக் கண்டார். 1940-இல் சிகாகோவில் டானன்பாம், ஆயுள் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து, எடை மிகுந்தோரிடையே புற்றுநோய் கூடுதலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார்.

காரணம் என்ன? கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. அதிலுள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி ஆண்ட்ரஜன்களை ஈஸ்ட்ரஜனாக மாற்றுகிறது என்பதை 1970-களில் சிட்டேரி முதலானோர் விளக்கினர். மாதவிடாய் நின்ற பின் சினைப்பைகள் ஓய்ந்துவிடுகின்றன. ஆயினும் பருமனான பெண்களின் உடலில் ஈஸ்ட்ரஜன் மிகுந்திருந்து, கருப்பை உட்சுவர், மார்பகம் ஆகியவற்றின் செல்களைப் பெருகத் தூண்டுகிறது. இன்சுலின் மிகுதியும் நீடித்த அழற்சியும் இதற்குத் துணை போகின்றன.

2016-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், மிகை எடையோடு தொடர்புடையவை என 13 வகைப் புற்றுநோய்களைப் பட்டியலிட்டது.

இனிச் சிகிச்சைக்கு வருவோம். புற்றுநோய் மருந்தின் அளவை உடலின் புறப்பரப்பைக் கொண்டு கணிக்கலாம் என 1958-இல் பிங்கெல் எடுத்துக்காட்டினார். இதற்குப் பயன்பட்டது 1916-ஆம் ஆண்டு வாய்பாடு. டு பாய்ஸ் என்னும் பெயருடைய இருவர், 9 பேரின் உடல்மேல் காகித அச்செடுத்து அளந்து அதை உருவாக்கியிருந்தனர். அதில் எடையின் அடுக்கு 0.425. ஆகவே உயரம் மாறாமல் எடை இரு மடங்கானால், பரப்பு சுமார் 1.34 மடங்கே ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு: 160 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ளவரின் பரப்பு 1.62 சதுர மீட்டர். அதே உயரத்தில் 120 கிலோ என்றால் 2.18 சதுர மீட்டர்.

பருமனானோருக்கு இவ்வளவு மருந்து நஞ்சாகிவிடுமோ என்று மருத்துவர் பலர் அஞ்சினர். சிலர் 2 சதுர மீட்டருக்கு மேல் கணக்கிடவில்லை. மேற்கண்ட நோயாளிக்கு அப்போது மருந்து 8 விழுக்காடு குறையும். வேறு சிலர், இருக்கவேண்டிய எடையையே கணக்கில் கொண்டனர். அந்த எடை 60 கிலோ என்று வைத்துக்கொண்டால், மருந்தில் கால் பங்கு குறைந்துவிடும்! மருந்து குறைந்தால் நோய் நீங்கும் வாய்ப்பும் குறையக்கூடும்.

2012-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் சான்றுகளைத் தொகுத்துப் பார்த்தது. பருமனான நோயாளிகளில் 40 விழுக்காட்டினர் வரை குறைந்த அளவே பெற்று வந்தனர். முழு அளவு பெற்றவர்களிடமோ பக்கவிளைவுகள் கூடுதலாகக் காணப்படவில்லை. எனவே, நோயைக் குணப்படுத்துவது நோக்கமாயின், உண்மையான எடையைக் கொண்டே அளவைக் கணிக்க வேண்டும் என்று அச்சங்கம் பரிந்துரைத்தது. 2021-இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது.