இரண்டு பெல்ட்டுகளும் ஒரு திருப்புளியும்

1982இல் பின்லாந்தில் நடந்த ஆயிரம் ஏரிகள் ரேலியில் பென்ட்டி ஐரிக்காலா ஒரு மிட்சுபிஷி லான்சரை மூன்றாம் இடத்துக்கு ஓட்டி வந்தார். பார்வைக்கு அது சாதாரணக் குடும்பக் கார்: நான்கு கதவு, சதுர உடம்பு, பின்சக்கர இழுவை. பானட்டைத் திறந்தால் டர்போ பொருத்திய 2 லிட்டர் இன்ஜின் இருக்கும். அதன் பெயர் 4ஜி63. வேனுக்கும் செடானுக்கும் பொதுவாக உழைக்கட்டும் என்று மிட்சுபிஷி வார்த்தெடுத்த இன்ஜின் அது. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 85 மிமீ விட்டமுள்ள சிலிண்டர், 88 மிமீ ஓடும் பிஸ்டன், மொத்தம் 1,997 சிசி. இதில் பெருமைப்பட எதுவும் இருப்பதாக அன்று யாருக்கும் தோன்றியிருக்காது.

ஏழு ஆண்டு கழித்து, 1989இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ரேலியை வென்றவரும் அதே ஐரிக்காலாதான். காருக்குள் இருந்ததும் அதே 4ஜி63 வம்சம்தான். ஆனால் இதற்குள் அது வளர்ந்திருந்தது. 1987 இறுதியில் வந்த கலான்ட் விஆர்-4 என்ற செடானுக்காக அதற்கு இரண்டு கேம்ஷாஃப்டும் 16 வால்வும் கொடுத்திருந்தார்கள். நான்கு சக்கரமும் இழுத்தன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது 205 குதிரைத்திறன். அதே 1989இல் ஆயிரம் ஏரிகள் ரேலியிலும் மிக்கேல் எரிக்சன் அந்தக் காரை முதலிடத்தில் நிறுத்தினார்.

கலான்ட் ரேலிக்குக் கொஞ்சம் பெரிய கார். வளைந்து நெளியும் காட்டுப் பாதையில் நீளமும் எடையும் இடைஞ்சல். எனவே 1992 அக்டோபரில் அந்த இன்ஜினையும் நான்கு சக்கர இழுவையையும் சின்ன லான்சரின் உடம்பில் ஏற்றினார்கள். அதுதான் லான்சர் எவல்யூஷன், சுருக்கமாக எவோ. முதல் எவோவுக்கு 250 குதிரைத்திறன், அடுத்ததற்கு 260, மூன்றாவதற்கு 270. 1996இல் வந்த நான்காவதில் இன்ஜினையே திருப்பி வைத்தார்கள், 280 ஆயிற்று. அதற்குமேல் காகிதத்தில் ஏறவில்லை. 280ஐத் தாண்டி விளம்பரப்படுத்துவதில்லை என்று ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. அதனால் எவோவின் குதிரைத்திறன் ஆண்டுக்காண்டு 280 என்றே அச்சாகும். முறுக்குவிசை மட்டும் 353 நியூட்டன் மீட்டரிலிருந்து 373, 383, 392 என்று ஏறிக்கொண்டே போகும். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டு டாமி மாக்கினன் உலக ரேலிச் சாம்பியன் ஆனது இந்த இன்ஜினை வைத்துத்தான். 2007இல் பத்தாவது எவோ வந்தபோது 4ஜி63 ஓய்வுபெற்றது. அந்த இடத்துக்கு அலுமினிய பிளாக்கும் செயினும் கொண்ட புதிய இன்ஜின் வந்தது.

கம்பெனியின் வரலாற்றில் கதை இங்கே முடிந்துவிடும். எனக்கு இதுவரை சொன்னது முன்னுரைதான். இந்த இன்ஜினின் உண்மையான வாழ்க்கை, வாரன்டி முடிந்து இரண்டாம் கை, மூன்றாம் கை மாறிய கார்களில், அதைத் தங்கள் கையால் திறந்து பார்த்தவர்களிடையேதான் நடந்தது. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த யோசனைகள் இல்லாவிட்டால் 4ஜி63களில் பாதி என்றோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெல்ட்டிலிருந்து தொடங்குகிறேன். பழைய எவோவையோ கலான்ட்டையோ வாங்கிய எவருக்கும் முதலில் சொல்லப்படுவது அதுதான்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலேறும்போது இரண்டு கீழிறங்கும். ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று சமன் செய்துவிடும் என்று நினைப்போம், முழுதாகச் செய்யாது. கனெக்டிங் ராட் சாய்ந்து சாய்ந்து ஓடுவதால் மேல்பாதியில் பிஸ்டனின் வேகம் ஒன்று, கீழ்ப்பாதியில் வேறொன்று. மிச்சப்படும் விசை, கிராங்க் ஒருமுறை சுற்றுவதற்குள் இருமுறை இன்ஜினை மேலும் கீழும் உதறும். இதற்கு மருந்தை ஃப்ரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்: கிராங்க்கைப் போல இரு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு பாரமான ஷாஃப்டுகள். மிட்சுபிஷி 1970களில் அதை மேம்படுத்தி ‘சைலண்ட் ஷாஃப்ட்’ என்று பெயரிட்டது. போர்ஷே தன் 944 காருக்கு அந்த உரிமையைக் காசு கொடுத்து வாங்கியது என்றால் வேலையின் தரம் புரியும்.

4ஜி63இல் அந்த ஷாஃப்டுகளில் ஒன்றை ஆயில் பம்ப் வழியாகப் பெரிய டைமிங் பெல்ட் சுற்றுகிறது. மற்றொன்றுக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட், பெரிய பெல்ட்டுக்கு உள்பக்கம் மறைந்து கிடக்கும். டைமிங் பெல்ட் மாற்றச் சொன்னால், சின்னதை அப்படியே விட்டுவிட்டுப் பெரியதை மட்டும் மாற்றித் தருகிற வொர்க்‌ஷாப்புகள் உலகம் முழுக்க உண்டு. சின்ன பெல்ட் அறுந்தால் ஷாஃப்ட் நின்று கொஞ்சம் அதிரும், அவ்வளவுதானே என்று தோன்றும். அறுந்த துண்டு அங்கேயே சும்மா கிடப்பதில்லை. பெரிய பெல்ட்டுக்கு அடியில் சிக்கி அதைப் பல் தாண்ட வைக்கும். டைமிங் தவறிய நொடியில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். பதினாறு வால்வும் வளைந்து, ஹெட்டை இறக்கும் வேலையாகிவிடும். ஆகவே கார்க்காரர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு: மாற்றினால் இரண்டு பெல்ட்டையும் சேர்த்து மாற்று, டென்ஷனர், புல்லி, வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் அதே கையோடு முடித்துவிடு. ஏறத்தாழ 1 லட்சம் கி.மீ. என்பது கம்பெனிக் கணக்கு. டர்போவின் பூஸ்ட்டைக் கூட்டியவர்கள் அவ்வளவு காத்திருப்பதில்லை.

இதைவிட நுட்பமான விஷயம் ஒன்று இருக்கிறது. பெல்ட் மாட்டும்போது கேம், கிராங்க், ஆயில் பம்ப் என எல்லாப் பல்சக்கரங்களிலும் உள்ள குறிகளை நேராக வைக்க வேண்டும். ஆயில் பம்ப்பின் குறி நேராக நின்றாலும் அதனோடு சேர்ந்த ஷாஃப்ட் தலைகீழாக நிற்கக்கூடும், ஏனென்றால் நடுவில் கியர் இருக்கிறது. குறியைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. இதற்காகவே பிளாக்கின் பக்கவாட்டில் ஒரு மூடித் திருகு வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றி, 8 மிமீ கனமுள்ள திருப்புளி ஒன்றை உள்ளே விட வேண்டும். 60 மிமீ அளவுக்குத் தடையில்லாமல் போனால் ஷாஃப்ட் சரி. 20, 25 மிமீயிலேயே முட்டி நின்றால் பம்ப் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி குறி வைக்க வேண்டும். பெல்ட் மாட்டி முடியும்வரை திருப்புளி அங்கேயே இருக்கலாம், ஷாஃப்ட் நகராது. இது கம்பெனி மேனுவலில் இருக்கிற முறைதான். ஆனாலும் மேனுவலைப் புரட்டாத மெக்கானிக்குகளின் கையில் போய்வந்து, காரணம் தெரியாமல் அதிர்ந்துகொண்டிருந்த கார்களுக்கு இந்தத் திருப்புளி விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கார்க்காரர்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று ஷாஃப்டுகளைக் கழற்றி எறிகிறவர்களும் உண்டு. சுற்ற வேண்டிய பாரம் குறைந்து இன்ஜின் சுறுசுறுப்பாக ஏறும். சின்ன பெல்ட் அறுமோ என்ற பயமும் போய்விடும். அதிலும் கவனம் வேண்டும். ஷாஃப்ட் போன பிறகும் அதன் பேரிங்குக்கு ஆயில் போகும் துளை திறந்தே இருக்கும். பேரிங்கை உருவி, துளை மறையும்படி திருப்பி, மறுபடி அடித்து உட்கார வைக்க வேண்டும். மறந்தால் ஆயில் பிரஷர் அங்கேயே வடிந்துவிடும். பந்தயக் காருக்குக் கழற்றுவது நியாயம். தினசரி ரோட்டில் ஓடும் காருக்கு வேண்டாம் என்பதே என் கட்சி. அந்த அமைதிக்காகத்தான் ஒரு தலைமுறை இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 60 ரூபாய் வேலையைத் தவிர்க்க 600 ரூபாய்ப் பொருளை எறிவது எனக்கு ஒப்பவில்லை.

இன்ஜின் ஓடியது ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மட்டுமல்ல. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் நார்மல் என்ற ஊரில் மிட்சுபிஷியும் கிரைஸ்லரும் சேர்ந்து டைமண்ட்-ஸ்டார் என்ற ஆலையை நடத்தின. அங்கே உருவான எக்லிப்ஸ், டேலன், லேசர் என்ற இரண்டு கதவுக் கார்களிலும் 4ஜி63 டர்போ இருந்தது. கலான்ட் விஆர்-4 செடானை 1991இல் 2,000, 1992இல் 1,000 என்று எண்ணி, எண் பொறித்த தகடு வைத்து அந்நாட்டில் விற்றார்கள். இந்த இன்ஜினைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அந்தக் கார்களின் சொந்தக்காரர்கள் சேர்த்தது.

1990களின் நடுவே வந்த எக்லிப்ஸ்களில் ஒரு விநோத நோய் பரவியது. கிராங்க்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர ஆரம்பிக்கும். கிராங்க் நடக்கிறது என்பார்கள். அதைப் பிடித்து நிறுத்தும் திரஸ்ட் பேரிங் தேய்ந்துபோவதால் வருவது. ஃப்ளைவீலை ஆறு போல்ட்டால் பிடித்த பழைய கிராங்க்குக்கு இந்த நோய் அரிது. ஏழு போல்ட்டுக்கு மாறிய பிறகே அதிகம் பேசப்பட்டது. காரணம் பேரிங்கின் புது அமைப்பா, கடினமான கிளட்ச்சா என்ற விவாதம் ஓயவே இல்லை. ஆனால் சோதிக்கும் முறையில் சண்டை கிடையாது: ஒருவர் உட்கார்ந்து கிளட்ச்சை மிதிக்கட்டும், இன்னொருவர் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியும்படி அது உள்ளே வெளியே போனால் இன்ஜினை இறக்க வேண்டியதுதான். தடுப்பதற்கும் ஒரு யோசனை உண்டு. காலையில் ஆயில் ஏறாத பேரிங்கின்மேல் கிளட்ச்சின் அழுத்தம் விழக் கூடாது. எனவே நியூட்ரலில் வைத்து, கிளட்ச்சை மிதிக்காமலே ஸ்டார்ட் செய்ய ஏற்பாடு செய்துகொள்வார்கள்.

கம்ப்யூட்டர் கதை வேறு மாதிரி. 1990களின் தொடக்கத்து மிட்சுபிஷி இன்ஜின் கம்ப்யூட்டர்களில் இருந்த கெப்பாசிட்டர்கள் வயதாகி ஒழுகும். ஒழுகிய திரவம் போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். கார் ஐடிலில் தடுமாறும், திடீரென்று அணையும். மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், பெட்ரோல் பம்பை மாற்றுவார், சென்சாரை மாற்றுவார். அனுபவப்பட்டவர்கள் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்வார்கள். மீன் வாடை அடித்தால் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று பொருள். பழையதை எடுத்து, போர்டை நன்றாகத் துடைத்து, அதே அளவுள்ள புதியதை சோல்டர் வைத்தால் போதும், அரிப்பு ஆழமாகப் போகாத வரை. சில்லறைச் செலவு. நோய் வரக் காத்திருக்காமல், வாங்கிய வாரமே திறந்து மாற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்வது சரி.

வேகத்தைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதற்கு இந்த இன்ஜின் இடம் கொடுக்கும். கனமான இரும்பு பிளாக், பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் குழாய்கள் எல்லாம் சேர்ந்து, டிராக் பந்தயத்தில் ஆயிரம் குதிரைத்திறனையும் தாண்டிய 4ஜி63கள் இருக்கின்றன. மூன்றாம் எவோவின் டர்போவைக் கலான்ட்டில் மாட்டுவது பழகிப்போன வேலை. 2.4 லிட்டர் உறவுக்கார இன்ஜினான 4ஜி64இன் கிராங்க்கை எடுத்து 4ஜி63 பிளாக்கில் வைத்தால் பிஸ்டன் 100 மிமீ ஓடும், ஏறத்தாழ 2.3 லிட்டர் கிடைக்கும். ஆனால் புது டர்போ வாங்கவா என்று கேட்கிறவரிடம் மூத்தவர்கள் பெரும்பாலும் டர்போவைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். கம்ப்ரஷன் பார்த்தாயா, காற்று ஒழுக்குப் பார்த்தாயா என்றுதான் கேட்பார்கள். அதற்கான கருவி கடையில் வாங்கும் சரக்கல்ல. டர்போவின் வாய்க்குப் பொருந்தும் பிவிசி குழாய் மூடி ஒன்றில் துளை போட்டு டயர் வால்வைச் செருகு. டர்போ வாயில் மாட்டிக் காற்றடி. ஒவ்வொரு ரப்பர் ஹோஸிலும் சோப்புத் தண்ணீர் தெளி. குமிழி வரும் இடத்தில் ஒழுக்கு. இந்த இன்ஜினின் கம்ப்யூட்டர் உள்ளே போகும் காற்றை முன்னாலேயே அளந்து அதற்கேற்ப பெட்ரோல் ஊற்றுகிறது. அளந்த காற்று வழியில் தப்பினால் பெட்ரோல் கூடிப்போய்க் கரும்புகை தள்ளும். பழைய ஹோஸ்களை மாற்றிய அன்றே தன் காரைப் புதிதாக உணர்ந்து, டர்போ ஆசையைத் தள்ளிப் போட்டவர்கள் ஏராளம்.

தமிழ்நாட்டில் லான்சர் என்றால் 1998 முதல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உருவாக்கிய கார் நினைவுக்கு வரும். அதில் ஓடியது 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அல்லது டீசல். பின்னால் வந்த சீடியாவில் 2 லிட்டர் இருந்தாலும் அது வேறு இன்ஜின். எவோவின் உடம்புச் சாயல் நமக்குக் கிடைத்தது, இதயம் கிடைக்கவில்லை. சீனாவுக்கு மாறாக இதயம் போனது. ஷென்யாங் நகரத்து ஆலையில் 4ஜி63கள் உருவாகி, பல சீனக் கம்பெனிகளின் கார்களில் ஏறின.

ஜப்பானில் விற்ற முதல் எவோக்களை மிட்சுபிஷி அமெரிக்காவில் விற்கவே இல்லை. 25 வயதான காரை இறக்குமதி செய்யலாம் என்பது அங்கே சட்டம். அதனால் 2017இலிருந்து முதல் எவோ கப்பலேறத் தொடங்கியது. 2021இலிருந்து திருப்பி வைத்த இன்ஜினோடு நான்காவதும் போகிறது. புதிதாக வாங்கியவர் அந்தக் கார் தன் ஊருக்கே அந்நியம் என்று நினைத்திருப்பார். அவருக்கு உதவிக்கு வருகிறவர்களோ 1991 கலான்ட்டைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தவர்கள். முதல் மூன்று எவோக்களின் இன்ஜின் அவர்களுக்கு உள்ளங்கை போலத் தெரியும். நான்காவதில் ஹெட்டும் மேனிஃபோல்டும் அப்படியே பொருந்தாது என்று எச்சரிப்பார்கள். தொழிற்சாலை மாட்டி அனுப்பிய ஏர் பாக்ஸ், குழாய், கிளாம்ப் எதையும் கழற்றி எறியாதே, பெட்டியில் போட்டு வை, இனிமேல் கிடைக்காது என்பார்கள். இரண்டு பெல்ட்டும் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்றால், ஊர் சுற்றிக் காட்டுவதற்கு முன் காரை ஷெட்டில் ஏற்றச் சொல்வார்கள்.