சொரியாசிஸில் எலும்பு நலம்

காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ், அதனுடன் வரும் மூட்டழற்சி ஆகியவற்றால் எலும்பின் அடர்த்தி, வடிவம், உறுதி ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும் மருத்துவத் தலைப்பு.

இம்மூட்டழற்சியை மருத்துவர்கள் மோல், ரைட் ஆகியோர் 1973இல் ஐந்து வகையாகப் பிரித்தனர். இதன் தனித்தன்மை, எலும்பு அரிப்பும் புது எலும்பு வளர்ச்சியும் ஒரே நோயாளியிடம் காணப்படுவது. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17 ஆகிய அழற்சிப் புரதங்கள் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன. தசைநார் எலும்பில் பற்றும் இடங்களிலோ முள் போல எலும்பு துருத்துகிறது. முற்றிய நிலையில் விரல் எக்ஸ்ரேயில், சீவிய பென்சிலைக் கிண்ணத்தில் செருகியது போன்ற தோற்றம் தெரியும். நகத்தில் ஊசி குத்தியது போன்ற குழிகள் மூட்டு பாதிக்கப்படக்கூடும் என்பதற்கான முன்னறிகுறி.

எலும்புப்புரை ஆபத்து எல்லா நோயாளிகளுக்கும் ஒன்றல்ல. ஆய்வு முடிவுகளும் மாறுபடுகின்றன. நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை, மாதவிடாய் நிற்றல், நடமாட்டக் குறைவு, புகைத்தல், வைட்டமின் டி குறைபாடு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். வெயிலுக்குக் குறைவில்லாத புதுச்சேரியிலும், படை வெளியே தெரியாதிருக்க முழுக்கைச் சட்டை அணிபவரின் தோலில் வெயில் படுவது குறைவு; அதனால் தோலில் வைட்டமின் டி உருவாவதும் குறையும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா பரிசோதனையில் டி-மதிப்பு -2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்புப்புரை. எலும்புக்குத் தேவையான கால்சியத்தை உணவிலும் பெறலாம்: கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனையில் இந்நோயாளிகளுக்கு உதவும் தோல் நோய்ப் பிரிவும், மூட்டுவாதங்களைக் கவனிக்கும் மருத்துவ நோயெதிர்ப்பியல் பிரிவும் இயங்குகின்றன.